கூறியது கூறல்

ஒரு கட்டுரையில் ஒரே நூலிலிருந்து ஏழு இடங்களில் எடுத்தாள்கிறோம். முதல் இடத்தில் நூலாசிரியரின் பெயரைச் சொல்லியாயிற்று. கடைசிப் பக்கத்து உசாத்துணைப் பட்டியலிலும் அந்த நூல் இருக்கிறது. மீதி ஆறு இடங்களிலும் அதே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டுமா?

ரொறன்ரோவில் எங்கள் உறவு வட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய நாளிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. நான் பேராசிரியன் அல்ல. கணினித் துறையில் ஆலோசகனாக வேலை செய்பவன். இங்கிலாந்தில் முதுமாணிப் படிப்பு முடித்து ஓர் ஆய்வேடு எழுதியவன் என்ற ஒரே தகுதியை வைத்து, "மாமாவிட்டைக் கேள்" என்று அனுப்பிவைக்கிறார்கள்.

பிள்ளைகள் விதியைத்தான் கேட்கிறார்கள். விதியைச் சொல்வது எளிது. ஆனால் கேட்கும் குரலில் ஓர் எரிச்சல் இருக்கும். ஒருக்கால் ஒப்புக்கொண்ட கடனை இன்னும் எத்தனை தரம் ஒப்புக்கொள்வது, நான் என்ன களவா எடுத்தேன் என்பது போன்ற எரிச்சல். அந்த எரிச்சல் நியாயமானது என்றே நினைக்கிறேன். அதற்குத் தரவேண்டிய பதில் நடைக்கையேட்டில் இல்லை. அது அறம் சார்ந்த கேள்வி.

விதிகளை முதலில் சொல்லிவிடலாம். பொறியியலிலும் கணினியியலிலும் வழங்கும் ஐ.இ.இ.இ. முறையில் ஒரு நூலுக்கு ஓர் எண். முதலில் வரும் இடத்தில் அந்த நூலுக்கு 3 என்ற எண் கிடைத்தால், பிறகு எங்கே வந்தாலும் சதுர அடைப்புக்குள் அதே 3தான். மருத்துவ இதழ்களின் வன்கூவர் முறையும் இது போன்றதே. ஏ.பி.ஏ. முறையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வாக்கியத்துக்குள்ளேயே வரும். இந்த வழக்கத்தின் தொடக்கத்தை, ஹார்வர்ட் விலங்கியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லா நத்தையின் கருவளர்ச்சி பற்றி வெளியிட்ட கட்டுரையில் காண்கிறார்கள். வரலாற்றாசிரியர்களும் சட்டத்துறையினரும் அடிக்குறிப்பு எழுதுவார்கள். முன்குறிப்பில் சொன்ன நூலே அடுத்த குறிப்பிலும் வந்தால், 'அதே இடத்தில்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் சுருக்கத்தைப் போடுவார்கள். நம் தமிழ் ஆய்வேடுகளில் அதற்கு 'மேலது'.

முறைகள் வேறுபட்டாலும் எல்லாவற்றுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. பட்டியலில் ஒரு நூல் ஒருமுறைதான் வரும். கட்டுரைக்குள் அது எடுத்தாளப்பட்ட இடங்களிலெல்லாம் அடையாளம் வரும். பட்டியல் 'யாரிடமிருந்து' என்பதைச் சொல்கிறது. உள்ளே வரும் அடையாளங்கள் 'எங்கே, எவ்வளவு' என்பதைச் சொல்கின்றன. இரண்டு கேள்விகளுக்கு இரண்டு பதில்கள். ஒன்றைச் சொன்னதால் மற்றது சொன்னதாகிவிடாது.

என் தொழிலில் இதற்கு நேரான ஒன்று இருக்கிறது. வங்கிக் கணினிக்குள் ஓர் ஊழியர் காலையில் ஒருமுறை தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைகிறார். அதன் பிறகு யாரும் அவரை நீ யார் என்று கேட்பதில்லை. ஆனால் அன்று அவர் தொடும் ஒவ்வொரு கணக்கின் பதிவிலும் அவருடைய பெயரும் நேரமும் விழுந்துகொண்டே இருக்கும். நுழைந்தபோது பெயர் சொன்னாரே, பிறகு ஏன் என்று எந்தக் கணக்காய்வாளரும் கேட்பதில்லை. பின்னொரு நாள் அவர் பார்க்கப்போவது ஒரு கணக்கின் ஒரு வரியை. அந்த வரியில் பெயர் இல்லாவிட்டால், காலையில் வாசலில் சொன்ன பெயரால் அவருக்குப் பயன் இல்லை.

'மேலது' என்ற சொல்லில் உள்ள ஆபத்தும் இங்கேதான் தெரிகிறது. அது சுயமாக எதையும் சொல்லாது. மேலே இருப்பதைக் கைகாட்டும். திருத்தும்போது இடையில் புதிதாக ஒரு குறிப்பைச் செருகிவிட்டால், கீழே உள்ள 'மேலது' புதிய குறிப்பைக் காட்டத் தொடங்கும். கடன் ஆள் மாறிவிடும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பக்கம் பொய் சொல்கிறது. 2017இல் வந்த சிக்காகோ நடைக்கையேட்டின் 17ஆம் பதிப்பு அந்த இலத்தீன் சுருக்கத்தை விட்டு, ஆசிரியர் பெயரையும் நூலின் சுருங்கிய தலைப்பையும் மறுபடி எழுதச் சொல்கிறது. மின்வடிவில் வாசிப்பவருக்கு ஒரு நேரத்தில் ஒரு குறிப்புத்தான் கண்ணில் படும், 'அதே இடம்' என்றால் எந்த இடம் என்று அவர் திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். வாசகன் பக்கத்தை எப்படிப் பார்க்கிறான் என்பது மாறியதும் விதியும் மாறியது. இந்த விதிகள் எல்லாம் யாருக்காக என்பதற்கு இது ஒரு சிறு தடயம்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு தடை எழும். கூறியது கூறல் குற்றம் என்று நன்னூல் சொல்கிறது. பவணந்தியார் எண்ணும் பத்துக் குற்றங்களில் அதுவும் ஒன்று. தொல்காப்பிய மரபியலிலும் அது உண்டு. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக் கொப்பியின் ஓரத்தில் சிவப்பு மையில் இந்த இரண்டு சொற்களையும் வாங்கிய தலைமுறை நாங்கள். சொன்ன பெயரையே சொல்லிக்கொண்டிருந்தால் காதில் இடறுவது இயல்பு.

ஆனால் எது திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். கூறியது கூறல் என்பது சொன்ன பொருளையே மறுபடி சொல்வது. ஏழு இடங்களில் ஒரே நூலைச் சுட்டும்போது ஏழு இடத்திலும் பொருள் வேறு. சாட்சி மட்டுமே ஒன்று. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி ஒருமுறைதான் சத்தியம் செய்கிறார். அவர் ஏழு விடயங்களைப் பற்றிச் சொன்னால், பதிவேட்டில் ஏழுக்கும் எதிரே அவர் பெயர் வரும். அதை மிகை என்று யாரும் சொல்வதில்லை.

மிகை என்று ஒன்று உண்டுதான். ஒரே பத்தியில் ஒரே நூலின் ஒரே கருத்தைத் தொடர்ந்து விளக்கிக்கொண்டு போகையில் வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர் போடுவது தேவையில்லை என்று ஏ.பி.ஏ. கையேடே சொல்கிறது. அதே விளக்கம் அடுத்த பத்திக்குப் போனால் மறுபடி பெயரைச் சொல்லிவிடு என்றும் சொல்கிறது. பத்தி மாறும்போது வாசகன் மூச்சு விடுகிறான்; புதிய குரல் தொடங்குகிறதோ என்று நினைக்க இடமுண்டு. குரல் மாறவில்லை என்று அங்கே சொல்லிவிட வேண்டும். எத்தனை தரம் என்பதற்கு எண்ணிக்கை அளவுகோல் அல்ல என்பது இதில் தெரிகிறது. வாசகன் எங்கே தடுமாறக்கூடும் என்பதே அளவுகோல்.

*

ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டுப் பலமுறை எடுப்பதற்கு ஜேர்மன்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சதுரங்கத்திலிருந்து எடுத்த பெயர்: காலாள் பலி. ஒரு சிறிய காயைக் கொடுத்துப் பெரியதைக் காப்பது. ஒரு நூலிலிருந்து இரண்டு பக்கம் எடுத்துவிட்டு, அதில் ஒரு வரிக்கு மட்டும் பவ்வியமாக அடிக்குறிப்புப் போடுவது. கேட்டால், பெயர் சொல்லியிருக்கிறேனே என்று காட்டலாம். வாசகனோ அந்த ஒரு வரி மட்டும் இரவல், மீதி எல்லாம் இவருடையது என்று நம்புவான். பெயரே சொல்லாமல் விட்டிருந்தால் அவன் சந்தேகப்படவாவது வாய்ப்பிருந்தது. ஒருமுறை சொன்ன பெயர் அந்தச் சந்தேகத்தையும் தூங்கவைத்துவிடுகிறது.

ஜேர்மனியில் இது அரசியலையே உலுக்கியது. 2011 மார்ச் 1ஆம் திகதி பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் முனைவர் பட்ட ஆய்வேட்டுச் சர்ச்சையில் பதவி விலகினார். அப்போது கல்வி அமைச்சராக இருந்த அன்னெற்ற ஷவான், முனைவர் பட்டம் பெற்றவர் என்ற முறையில் தான் வெட்கப்படுவதாக வெளிப்படையாகவே சொன்னார். 2013 பெப்ரவரியில் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகம் அவருடைய பட்டத்தையும் மீளப்பெற்றது. சில நாள்களில் அவரும் பதவி விலகினார். பிறர் எழுதியதைப் பல இடங்களில் உரியவாறு குறிக்காமல் எடுத்தாண்டிருக்கிறார் என்பது பல்கலைக்கழகத்தின் முடிவு. ஏமாற்றும் நோக்கம் தனக்கு இருந்ததில்லை என்று அவர் மறுத்தார். 2014இல் நிர்வாக நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் முடிவையே உறுதிசெய்தது. 1980இல் அவர் சமர்ப்பித்த அந்த ஆய்வேட்டின் தலைப்பு 'ஆளும் மனச்சாட்சியும்'.

அந்தத் தலைப்பைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனச்சாட்சியைப் பற்றிப் பல நூறு பக்கம் எழுதுகிற ஒருவருக்கும், அடுத்தவர் வாக்கியம் எங்கே முடிந்து தன் வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை மங்கக்கூடும் என்பதே அதில் யோசிக்க வேண்டியது. அந்த எல்லையை மனத்தில் வைத்திருந்தால் போதாது. பக்கத்தில் போட்டாக வேண்டும்.

ஏன் போடாமல் விடுகிறோம்? சோம்பல் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் கூச்சம் என்று நினைக்கிறேன். ஒரே பெயர் ஏழு தரம் வந்தால், இவன் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதியிருக்கிறான் என்று தெரிந்துவிடும். பட்டியலில் எல்லா நூல்களும் சமம்: ஒரு வரிக்கு உதவிய நூலும், கட்டுரையைத் தூக்கி நிறுத்திய நூலும் அங்கே ஒவ்வொரு இடத்தைத்தான் பிடிக்கும். உள்ளே வரும் அடையாளங்கள்தான் பாரம் எங்கே இறங்கியிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அவற்றைக் குறைக்கக் கை போகிறது.

இதற்குப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் ஒரு வழி உண்டு. அந்த ஒரு நூலைச் சுட்டி எழுதிய வேறு ஐந்து கட்டுரைகளைத் தேடி எடுத்து, இடத்துக்கு ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். பட்டியல் நீளும்; பார்க்க அழகாக இருக்கும். எந்த விதியும் மீறப்பட்டதாகத் தெரியாது. ஆனால் ஒரே கிணற்றுத் தண்ணீரை ஐந்து குடத்தில் மொண்டுவந்து வைத்துவிட்டு, ஐந்து கிணறு என்று சொல்வதுதான் அது.

இது மாணவர் விளையாட்டோடு நிற்பதில்லை. 1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜேர்ணல் ஒஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் பொஸ்ரனைச் சேர்ந்த ஜேன் போர்ட்டரும் ஹேர்ஷல் ஜிக்கும் ஐந்து வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் தங்கியிருந்தபோது அபின் வகை வலிநீக்கி கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளின் பதிவுகளில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்கள் அதற்கு அடிமையானதாகப் பதிவானது 4 பேர் மட்டுமே என்பது அதன் செய்தி. மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் கொடுத்த மருந்து பற்றிய செய்தி அது. வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரை பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கடிதம் சுட்டப்பட்டது, சுட்டியவர்களைச் சுட்டினார்கள், பிறகு எல்லாருக்கும் தெரிந்த உண்மை ஆகிவிட்டது. 2017இல் எங்கள் ரொறன்ரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதே இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் சுட்டியிருந்தன. அவற்றில் 439, அடிமையாதல் அரிது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டின. 491 கட்டுரைகள் அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. இடைப்பட்ட காலத்தில் வட அமெரிக்கா முழுவதும் அந்த மாத்திரைகள் தாராளமாக எழுதிக்கொடுக்கப்பட்டன. விளைவு இன்று நம் தெருக்களிலும் தெரிகிறது. ஐந்து வாக்கியக் கடிதம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சான்றைப் பலமுறை சொல்வதைப் பல சான்று என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் மருத்துவர்களையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கடிதம் கேள்விமுறையின்றிப் பெருமளவு சுட்டப்பட்டிருக்கிறது என்று வாசகரை எச்சரிக்கும் குறிப்பொன்றை இதழே பின்னர் அதனுடன் சேர்த்தது.

ஆகவே ஒரே மூலத்தை அதே பெயரோடு ஏழு தரம் சுட்டுவது வாசகனுக்குச் செய்யும் உபகாரம். 3, 3, 3 என்று திரும்பத் திரும்ப வரும்போது அவனுக்குத் தெரியும், இந்த வீடு ஒரு தூணில் நிற்கிறது என்று. தூண் உறுதியானதா என்று அவன் போய்த் தட்டிப் பார்ப்பான். எழுதியவனுக்குக் கூச்சம் தரும் அதே விடயம்தான் வாசகனுக்குப் பாதுகாப்பு.

*

இதுவரை கடன் என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். அந்தச் சொல்லில்தான் குழப்பம் தொடங்குகிறது என்று இப்போது தோன்றுகிறது.

கடன் என்றால் நன்றி நினைவுக்கு வருகிறது. நன்றி, கொடுத்தவரைப் பார்த்துச் சொல்வது. காண்ட் 1797இல் எழுதிய அறவியல் நூலில் நன்றியறிதலைப் புனிதமான கடமை என்கிறார். எவ்வளவு திருப்பிச் செய்தாலும் அந்தக் கடன் தீராது, ஏனென்றால் முதலில் செய்தவர் அவர், அந்த 'முதல்' என்ற இடத்தை நாம் ஒருபோதும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. நன்றியின் கணக்கில் பார்த்தால் ஏழு தரமும் போதாது. ஒரு தரமும் போதும். உள்ளத்தில் இருந்தால் சரி. நன்றிக்கு எண்ணிக்கை கிடையாது.

ஆனால் மேற்கோள் காட்டுவது நன்றி சொல்வது அல்ல. நான் சுட்டும் ஆசிரியர் இறந்து நூறு ஆண்டு ஆகியிருக்கலாம். அவருக்கு என் நன்றி தேவையில்லை. உயிரோடு இருந்தாலும் அவருக்கு அதனால் வரும் இலாபம் சொற்பம். யூஜீன் கார்ஃபீல்ட் 1960களில் தொடங்கிவைத்த மேற்கோள் சுட்டிகளின் வழக்கப்படி, ஒரு கட்டுரை ஒரு நூலை ஒரு தரம் சுட்டினாலும் முப்பது தரம் சுட்டினாலும் கணக்கில் ஒன்றுதான். அதாவது முதல் தரம் சொன்னதிலேயே ஆசிரியருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. இரண்டாம் தரமும் ஏழாம் தரமும் சொல்வது முழுக்க முழுக்க மூன்றாம் ஆளுக்காக. எழுதியவனும் இல்லாத, எழுதப்பட்டவரும் இல்லாத ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் புரட்டும் வாசகனுக்காக.

இந்த வேறுபாட்டைத் தமிழ் எப்போதோ கண்டுகொண்டு இலக்கணத்துக்குள் வைத்துவிட்டது. 'ஒரு ஊரிலை ஒரு ராசா இருந்தானாம். அவனுக்கு ரெண்டு பெண்சாதியாம். மூத்தவளுக்குப் பிள்ளை இல்லையாம்.' கதை சொல்லும் அம்மம்மா ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'ஆம்' போடுகிறார். இது நான் கண்டதல்ல, கேட்டது என்பதற்கான அடையாளம். முதல் வாக்கியத்தில் போட்டாயிற்றே, இனி ஏன் என்று அவர் நினைப்பதில்லை. கேட்கிற பிள்ளைக்கும் அது கூறியது கூறலாகப் படுவதில்லை. ஒரே ஓர் அசை. சதுர அடைப்புக்குள் வரும் எண்ணைப் போலச் சிறியது. யாரிடமிருந்து கேட்டது என்று அது சொல்லாது. ஆனால் இந்த வாக்கியத்துக்கு நான் சாட்சி அல்ல என்பதை வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லும்.

அந்த அசையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஊர்க்கதையில் பார்க்கலாம். 'அவை கடையை விக்கப் போகினமாம்' என்பது கேள்விப்பட்டது. 'அவை கடையை விக்கப் போகினம்' என்பது சாட்சியம். முதலாவதைச் சொன்னவர், செய்தி பிழைத்தால் 'கேள்விப்பட்டதைத்தானே சொன்னேன்' எனலாம். இரண்டாவதைச் சொன்னவருக்கு அந்த வழி இல்லை. ஒருவர் 'ஆம்' போட்டுச் சொன்னதை அடுத்தவர் 'ஆம்' இல்லாமல் சொல்லும் அந்தக் கணத்தில்தான் வதந்தி உண்மையாக உடுப்பு மாற்றிக்கொள்கிறது. 608 கட்டுரைகளுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுதான். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளின் தமிழில் இந்த 'ஆம்' முதலில் உதிர்ந்துபோவதைக் கவனித்திருக்கிறேன். தொடக்கத்தில் ஒருமுறை 'அம்மா சொன்னவ' என்று சொல்லிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் தாம் கண்டது போலச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

நம் முன்னோர் எழுத்திலும் இதன் இரண்டு பக்கமும் இருக்கிறது. தொல்காப்பியர் 'என்ப' என்றும் 'மொழிப' என்றும் நூல் நெடுக, சலிக்காமல் சொல்லிக்கொண்டு போகிறார். இது என் கண்டுபிடிப்பல்ல, எனக்கு முன்னுள்ளோர் சொல்வது என்று விதிக்கு விதி அடையாளம் போடுகிறார். ஆனால் அந்த முன்னுள்ளோர் யார் யார் என்று பெயர் சொல்வதில்லை. உரையாசிரியர்கள் மேற்கோளை அள்ளி அள்ளித் தந்தார்கள். எந்த நூலிலிருந்து என்று பல இடங்களில் சொல்லவில்லை. அவர்கள் எழுதியது அந்த நூல்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்களுக்கு, பெயர் தேவைப்படவில்லை. நூற்றாண்டுகள் கழிந்து வாசகர் மாறினார். சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் தவித்ததைத் தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஏட்டுக் கட்டுகளைப் புரட்டி, ஒவ்வொரு வரிக்கும் வீடு தேடி அலைந்தார். வளையாபதி போன்ற நூல்களில் இன்று நமக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் யாரோ மேற்கோளாக எடுத்துவைத்ததால் எஞ்சியவை. பெயரோடு எடுத்துவைக்கப்பட்டது நூலாக அறியப்படுகிறது. பெயரில்லாமல் நின்றது அனாதை வரியாக நிற்கிறது.

உரையாசிரியர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களுடைய வாசகருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த வாசகருக்குத் தெரியவில்லை. யாருக்குத் தெரியும் என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் இந்த அறம் வழுக்குகிறது.

*

என் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி என் அக்காவுக்கு. தொண்ணூறுகளில் கனடா வந்து, பகலில் ஒரு தொழிற்சாலையிலும் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தும் உழைத்தவர். என் படிப்புக் கட்டணத்தின் பெரும்பகுதி அந்தக் காசு. வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அக்காவுக்குப் பிடிக்காது. "எத்தினை தரமடா சொல்லுவாய்? காணும்" என்பார்.

அவருடைய கூச்சம் எனக்கு விளங்குகிறது. நம் சமூகத்தில் கொடுத்ததைக் கொடுத்தவரே திரும்பச் சொல்வதற்குச் சொல்லிக்காட்டுதல் என்று பெயர். அது கொடையையே கெடுத்துவிடும். பெற்றவன் திரும்பத் திரும்பச் சொன்னாலும், பக்கத்தில் இருக்கும் கொடுத்தவருக்குச் சொல்லிக்காட்டியவர் போன்ற சங்கடம் வந்துவிடுகிறது. நன்றியின் கணக்கில் அக்கா சொல்வது சரி. ஒருமுறை சொன்னது போதும்.

ஆனால் அந்த மேசையில் என் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள்தான் மூன்றாம் ஆள். அவர்களுக்கு நான் என் கதையைச் சொல்கிறேன்: கொழும்பில் படித்தேன், இங்கிலாந்து போனேன், பட்டம் எடுத்தேன், கனடா வந்தேன், வேலை கிடைத்தது, வீடு வாங்கினேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் 'நான்'. இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இதைக் கேட்டு வளரும் பிள்ளை, ஒரு மனிதன் தனியாக உழைத்தால் இப்படி ஏறிவரலாம் என்று நம்பும். தான் தடுமாறும் நாளில், அப்பா தனியாகச் செய்ததை என்னால் செய்ய முடியவில்லையே என்று தன்னையே நொந்துகொள்ளும். அல்லது, தடுமாறுகிற இன்னொருவரைப் பார்த்து, இவருக்கு முயற்சி போதாது என்று நினைக்கும். அடையாளம் போடாத வாழ்க்கைக் கதை செய்யும் சேதம் இது. அந்தச் சேதம் அக்காவுக்கு அல்ல, கேட்பவருக்கு.

அதனால் அந்தக் கதையில் அக்கா நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் அவர் பெயரைச் சொல்கிறேன். படிப்புக் கட்டணம் என்று வந்தால், அது மாமியின் காசு. கனடா வந்த புதிதில் இருந்த இடம் என்றால், ஸ்காபரோவில் மாமியின் அடுக்குமாடி வீடு. முதல் பனிக்காலத்து ஜக்கற் என்றால், அதுவும் அவர் வாங்கித்தந்தது. நின்று நெகிழ்ந்து பேசுவதில்லை. அம்மம்மாவின் 'ஆம்' அளவுக்கு ஓர் அசை, அவ்வளவுதான். விரிவான நன்றி பட்டியலில் ஒருமுறை. சிறிய அடையாளம் எடுத்தாண்ட இடமெல்லாம். கையேடுகள் சொல்லும் அதே அமைப்பு. அக்காவின் கூச்சத்துக்கும் பிள்ளைகளின் உரிமைக்கும் இடையே எனக்குத் தெரிந்த சமரசம் அதுதான். அக்கா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லாக் கடனையும் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மை. புவியீர்ப்பைப் பற்றி எழுதும் யாரும் இன்று நியூட்டனின் நூலுக்கு அடிக்குறிப்புப் போடுவதில்லை. ஒரு கருத்து எல்லாருடைய அறிவிலும் கரைந்துபோனபின் அதன் மூலம் மறைந்துவிடுவதைச் சமூகவியலாளர் ரொபேட் மேர்ட்டன், உட்கலப்பதால் அழிதல் என்ற பொருள்படும் ஒரு தொடரால் சொன்னார். அறிஞருக்கு அது மிகப் பெரிய மரியாதை. பெயர் போனாலும் சொன்னது எல்லாருடைய சொத்தாகிவிட்டது.

குடும்பத்தில் இந்தக் கரைதல் அப்படி நடப்பதில்லை. மாமி செய்ததெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதானே, சொல்ல என்ன இருக்கிறது என்று ஒரு தலைமுறை நினைக்கும். தெரிந்த தலைமுறை போய்விட்டால் அடுத்ததற்கு அது தெரிந்த விடயம் அல்ல, இல்லாத விடயம். உரையாசிரியர்களின் வாசகருக்கு நடந்தது இதுதான். நியூட்டனின் பெயரை எந்தப் பாடப்புத்தகத்திலும் தேடி எடுக்கலாம். இரவில் அலுவலகம் துப்புரவு செய்த பெண்ணின் பெயரைத் தேட வேறு எந்தப் பட்டியலும் கிடையாது.

கேட்டு வரும் பிள்ளைகளுக்குக் கடைசியில் நான் சொல்வது ஒரு சிறு சோதனை. பக்கத்தின் மற்ற வரிகளைக் கையால் மூடிவிட்டு, சந்தேகமான அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அந்நியர் ஒருவருக்குக் காட்டுவதாக நினைத்துக்கொள். இது யாருடைய கருத்து என்று அவர் நினைப்பார்? உன்னுடையது என்று நினைப்பார், அது உன்னுடையது அல்ல என்றால், அடையாளம் போடு. முந்தின பத்தியில் போட்டாயா, எத்தனை தரம் போட்டாய் என்று எண்ணாதே. அவர் உன் முந்தின பத்தியை வாசித்தவர் அல்ல.